வெண்கலப் பானை சூடேறாத அடுப்பு

ஜனவரி 4

எஸ்லிங்கன் வந்து சேர்ந்தேன். ஸ்டுட்கார்ட்டை அடுத்த சிறிய ஊர். மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், அதன் மேல் பனி. விமான நிலையத்துக்கு மகள் செண்பகாவும் மாப்பிள்ளை திருமலையும் வந்திருந்தார்கள். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த வெண்கலப் பானையை விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். ஓசை அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், போகச் சொல்லிவிட்டார்.

பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கிழங்கு, அவளுக்குச் சேலை, அவருக்கு வேட்டி. இதுதான் பொங்கல்படி. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருடா வருடம் போக வேண்டியது. கல்யாணமான முதல் வருடம் நேரில் கொடுத்தோம். பிறகு இவர்கள் ஜெர்மனி வந்துவிட்டார்கள். போன பொங்கலுக்கு என் மனைவி இசக்கி இறந்து வருடம் திரும்பவில்லை, எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று அவள் சொன்னது இது ஒன்றுதான்: "ரெண்டு பேரையும் சேத்து நிக்க வச்சு, உங்க கையால பொங்கப்படி குடுத்துட்டு வாங்க." அதற்காகத்தான் வந்திருக்கிறேன். மற்றபடி ஊர் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

வீட்டு வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் பெயரை ஒட்டிவைக்கிறார்கள். செண்பகா என் பெயரைத்தான் குடும்பப் பெயராக வைத்திருக்கிறாள். ஆவுடையப்பன் என்று ஒரு ஜெர்மன் சுவரில் பார்த்ததில் கொஞ்சம் பெருமைதான். வெயிலில் அந்தத் தாள் மஞ்சளாகியிருக்கிறது. அதன் கீழே திருமலையின் பெயர். அந்தத் தாள் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

ஜனவரி 5

மாப்பிள்ளை நேற்று இரவு சாப்பிட்டதும் வேலைக்குப் போய்விட்டார். காலையில்தான் வந்தார். ஏன் என்று செண்பகாவிடம் கேட்டேன். "அமெரிக்கா நேரத்துக்கு சப்போர்ட் பாக்கணும்ப்பா, புது புராஜெக்ட்" என்றாள். பிற்பகலில் அவரிடமே கேட்டேன். "அமெரிக்கா நேரத்துக்கு சப்போர்ட் பாக்கணும் மாமா, புது புராஜெக்ட்" என்றார்.

முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். இரண்டு பையன்கள் தாளில் விடை ஒன்றாக இருக்கலாம், தவறில்லை. வாக்கியமும் ஒன்றாக இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன்.

வேலை போய்விட்டதோ?

ஜனவரி 6

இன்று இங்கே ஏதோ விடுமுறை. பொங்கலன்று படிக்கட்டில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொங்கல் கொடுக்கலாம், முன்னதாக ஒரு நடை போய் அழைத்துவிட்டு வரலாம் என்று சொன்னேன். தூக்குச்சட்டிகள்கூடக் கொண்டுவந்திருக்கிறேன். செண்பகா முகம் மாறியது. இங்கே யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்களாம். அக்கம்பக்கத்தில் யாரையும் தனக்குப் பழக்கமே இல்லையாம்.

சரி என்றேன். என் வேட்டியும் குரங்குக் குல்லாவும் அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். ஊரில் பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பாவைக் கூட்டிவர வெட்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

குளியலறையில் கவனித்தேன். மாப்பிள்ளையின் பிரஷ், சவர சாமான் எல்லாம் ஜிப் வைத்த சிறு பைக்குள் இருக்கின்றன. செண்பகாவின் பிரஷ் குவளையில் நிற்கிறது. தங்க வந்தவர்தான் பிரஷைப் பைக்குள் வைப்பார். என் பிரஷும் பைக்குள்தான் இருக்கிறது.

ஜனவரி 8

கீழ்வீட்டு ஹேபெர்லே அம்மாளைப் படிக்கட்டில் சந்தித்தோம். எண்பதை நெருங்கும் வயது, கையில் ஊன்றுகோல். பழக்கமே இல்லாத அந்த அம்மாள் என் மகளைக் கட்டிப்பிடித்தார். கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். செண்பகா அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு என்னை மேலே தள்ளாத குறையாக ஏற்றினாள்.

மாலையில் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்கியது. திருமலை அதை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இது என்ன, விளம்பரமா?" என்றார். செண்பகா உள்ளேயிருந்து ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். அது விளம்பரம் இல்லை. படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் முறை இந்த வாரம் இந்த வீட்டுக்கு என்று அடையாளம். முறை முடிந்தவர்கள் அடுத்த வீட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். நான் வந்த அன்று அது எதிர் வீட்டில் தொங்கியதையும், அந்த வீட்டுப் பெண்மணி படிக்கட்டைத் துடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

இவர்கள் இந்த வீட்டுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. நான் வந்து நாலு நாள். பலகை என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

"வீட்டு வேலையெல்லாம் அவரு கண்ணுல எங்க படும்ப்பா" என்று சிரித்தாள் செண்பகா. திருமலையும் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரில் யாருக்கும் சிரிப்பு வந்த மாதிரி இல்லை.

ஜனவரி 9

பானையை ஒத்திகை பார்க்கலாம் என்று தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சூடு ஏறவே இல்லை. கண்ணாடி போட்ட அடுப்பு. விளக்கு மட்டும் கண் சிமிட்டுகிறது. செண்பகா அலுவலகம் போயிருந்தாள். திருமலை வந்து பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார். அடுப்பு பழுது என்றார். மேல் வீட்டுக்கு மின்சாரம் குறைவாக வருகிறதோ என்றும் சொன்னார்.

நான் அறிவியல் வாத்தியார். அடுப்பின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். சட்டைப்பையில் இருந்த ஊசிக்காந்தத்தை வெண்கலத்தில் வைத்தேன், ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரம் இந்த வகை அடுப்பில் சூடேறாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மாப்பிள்ளை என்ஜினியர். அவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்காது. இந்த அடுப்பைத்தான் தெரியவில்லை.

"இந்த வீட்டுல எப்பவும் டீ போட்டதில்லையா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாம் அவதான் மாமா" என்றார். காது சிவந்துவிட்டது.

சர்க்கரை எந்த டப்பாவில் என்று தெரியாமல் மூன்று டப்பாவைத் திறந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். டீ நன்றாகவே இருந்தது.

ஜனவரி 10

இன்று பெரிய கோபம் வந்தது எனக்கு. மாடிவீட்டு வூர்ஸ்டர் என்பவர் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். நாள் முழுக்க ஜன்னலில் நின்று தெருவைக் கண்காணிக்கிறார். காலையில் நான் எங்கள் ஜன்னலில் நிற்கும்போது திருமலை கீழே பனியில் நின்று மணி அடித்தார். செண்பகா குளித்துக்கொண்டிருந்தாள். வூர்ஸ்டர் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். சாவி போட்டுக் கதவைத் திறந்தார். கூடவே நுழையப் போன திருமலையைக் கையால் தடுத்து ஏதோ கேட்டார். திருமலை மேலே கை காட்டினார். வூர்ஸ்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டார். நான் இறங்கிப் போய்த் திறந்தேன். திருமலையின் புருவத்தில் பனி இருந்தது.

நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பொங்கல் கிடையாது என்று முடிவு செய்தேன்.

மதியம் குப்பை போடப் போனேன். அதே வூர்ஸ்டர் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்து வணக்கம் வைத்தார். "செண்பகா, பப்பா" என்று என் மார்பைச் சுட்டினார். என் நிறம் மாப்பிள்ளையை விடக் கறுப்பு.

ஆக, அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. தெரியாத ஆளைத்தான் உள்ளே விடவில்லை. நாள் முழுக்க ஜன்னலில் நிற்கிறவருக்கு, இரண்டு வருடமாக இங்கே குடியிருக்கும் மனிதர் எப்படித் தெரியாத ஆள் ஆவார்?

ஜனவரி 11

செண்பகா கடைக்குப் போயிருந்த நேரம், இறங்கிப் போய் ஹேபெர்லே அம்மாள் கதவைத் தட்டினேன். பொங்கலுக்கு அழைக்கத்தான் போனேன். அதற்கு மட்டும்தான் போனேன் என்று எழுதினால் இந்த நோட்டுக்கே அது பொறுக்காது.

என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். அந்த அம்மாளுடையதும் அப்படியே. இரண்டு பாடப்புத்தகங்கள் பேசிக்கொண்டால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுகிறது. தவறாகப் புரிந்துகொண்டேன் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அறுவடைப் பண்டிகை, பால் பொங்கும், பகிர்ந்து கொடுப்போம், கொடுத்த பாத்திரத்தைச் சும்மா திருப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று சொன்னேன். அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சுவரில் ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டினார். செண்பகா வீட்டு மாற்றுச் சாவி. போன குளிர்காலத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது இவர்தான் திறந்து போய் சூப் கொடுத்தாராம்.

"உங்கள் மகள் தனியாகவே இருக்கிறாள். நீங்கள் வந்தது நல்லது" என்றார். பிறகு கேட்டார்: "இந்த வாரம் தினமும் வந்து போகிறாரே ஒரு இளைஞர், அவர் உங்கள் மகனா?"

"குடும்பம்" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

ஜனவரி 12

தூக்குச்சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். அக்கம்பக்கம் மூன்று வீடு. தேய்த்தது நாலு.

ஜனவரி 13

இரண்டு நாளாக மாப்பிள்ளையை விடாமல் கவனிக்கிறேன். தவறு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் எனக்கு. கை நீட்டுகிறவரா, குடிக்கிறவரா, வேறு யாரும் இருக்கிறார்களா. செண்பகாவோடு பேசும்போது குரலைக் கவனித்தேன். அவள் சிந்திய சாம்பாரைச் சொல்லாமலே துடைக்கிறார். அவள் அவருக்கு மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுகிறாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, வேறு வேறு ஊருக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் சந்தித்துக்கொள்வார்களே, அந்த மரியாதை இருக்கிறது இருவருக்குள்ளும்.

குற்றம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு குற்றம் கிடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுப்புக்கு வழி பிறந்துவிட்டது. வூர்ஸ்டருக்கு மலைச்சரிவில் ஒரு துண்டுத் தோட்டம் இருக்கிறது. அங்கே வைத்திருக்கும் கேஸ் அடுப்பைத் தருவதாகச் சொல்லி ஹேபெர்லே அம்மாளிடம் தகவல் அனுப்பியிருக்கிறார். பின் முற்றத்தில் பொங்கலிடலாம். செண்பகாவிடம் சொன்னேன். "நீங்க போய்ப் பேசினீங்களா?" என்றாள். பேசினேன் என்றேன். "என்னெல்லாம் பேசினீங்க?" என்றாள். பானையைப் பற்றி என்றேன். அவள் என் முகத்தைப் படித்தாள். நானும் அவள் முகத்தைப் படித்தேன். இருவரும் புத்தகத்தை மூடிவிட்டோம்.

ஜனவரி 14

போகி. எரிக்க இங்கே வழியில்லை. பழைய துணிகளைத் தெருக்கோடியில் உள்ள இரும்புப் பெட்டியில் போட்டோம்.

மாலையில் செண்பகா என் அறை வாசலில் வந்து நின்றாள். கதவு நிலையை நகத்தால் கீறிக்கொண்டே, "அப்பா" என்றாள். "என்னம்மா" என்றேன். "வெல்லத்தைத் தட்டி வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானே கேட்டிருக்கலாம். வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பாடம் படிக்காமல் வந்து பயந்து நிற்கிற பிள்ளையிடம் முதல் கேள்வியைக் கேட்கமாட்டேன். கேட்டால் அது ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியே தீரும். அந்தப் பொய்யை அப்புறம் அதுவே சுமக்க வேண்டும். இவள் ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறாள்.

ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி இருக்கிறது. நான் அப்படி என்ன செய்துவிடுவேன் என்று நினைத்தாள்? அதைத்தான் என்னால் தூக்கிப் போட முடியவில்லை.

ஜனவரி 15

பொங்கல்.

முற்றத்தில் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் பனியை வழித்து, வூர்ஸ்டர் அடுப்பை வைத்துக் காற்று மறைக்கப் பலகை கட்டியிருந்தார். செண்பகா பனியின் மேலேயே மஞ்சள் பொடியால் சின்னக் கோலம் போட்டாள். ஹேபெர்லே அம்மாளுக்கு நாற்காலி வந்தது. எதிர் வீட்டுப் பெண்மணி காபியோடு வந்தார். திருமலை இன்று விடுப்பு என்று சொல்லிவிட்டு, பட்டுக் கரை வேட்டியை ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொண்டு நின்றார்.

பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. வூர்ஸ்டர் பதறிப்போனார். பொங்கி வழிந்து அடுப்பு பாழாகிவிடும் என்று பாய்ந்து கேஸைக் குறைக்கக் கை நீட்டினார். செண்பகாவும் திருமலையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பதை ஜெர்மனில் "நைன்!" என்று கத்திக்கொண்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பால் வழிந்தது. அடுப்பு புஸ்ஸென்றது. கைகள் பிடிபட்ட நிலையிலேயே அந்த மனிதர், இந்த வீட்டில் எல்லாருக்கும் பைத்தியம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் "பொங்கலோ பொங்கல்" என்றேன். ஹேபெர்லே அம்மாள் ஊன்றுகோலைத் தட்டித் தானும் சொன்னார். அவர் சொன்னது வேறு என்னவோபோல் இருந்தது, ஆனால் பொங்கல்தான்.

இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வெகு காலம் கழித்து இருவரும் உண்மையாகச் சிரித்தார்கள். அந்தக் கணம் எனக்குச் சந்தேகம் வந்தது, நான் எல்லாவற்றையும் தப்பாகக் கணக்கிட்டுவிட்டேனோ என்று. தப்பாக இருக்கக்கூடாதா என்றும் இருந்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. வூர்ஸ்டரின் கைகளை விட்டுவிட்டு இருவரும் இரண்டு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். யாரும் சொல்லாமலே, இடையில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு.

தட்டில் அரிசி, வெல்லம், மஞ்சள், சேலை எல்லாம் எடுத்து வைத்தேன். "செண்பகா, வா" என்றேன். திருமலை துண்டைச் சரி செய்துகொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர் முகத்தில் அத்தனை பணிவு. இசக்கி இதைத்தான் கேட்டாள். கொடுத்துவிட்டால் போதும், அவளிடம் சொன்னபடி செய்தாயிற்று.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

தள்ளி நின்றார். சுற்றி இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அது ஒரு வசதி.

"பொங்கப்படி பொறந்த வீட்டுப் பிள்ளைக்கு. நீ ஒத்தையா நின்னு வாங்கினாலும் அது படிதான். கைய நீட்டு."

"யாருப்பா சொன்னா?"

"அடுப்பு சொல்லுச்சு."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் அழுதாள். ஹேபெர்லே அம்மாள் இதுவும் பண்டிகையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு மெதுவாகக் கை தட்டினார்.

தூக்குகளில் பொங்கலை நிரப்பினேன். ஹேபெர்லே அம்மாளுக்கு, எதிர் வீட்டுக்கு, வூர்ஸ்டருக்கு. நாலாவதை எடுத்துக்கொண்டு திருமலையிடம் போனேன்.

"எங்க இருக்கீங்க இப்ப?"

"பிளோஹிங்கன் மாமா. ரயில்ல நாலு ஸ்டேஷன்."

"பக்கந்தான். இந்தாங்க. தூக்கைச் சும்மா திருப்பிராதீங்க."

அவர் குனிந்து என் காலைத் தொட்டார். அதற்கு நான் தடை சொல்லவில்லை.

ஜனவரி 16

செண்பகா நேற்று மாலை எல்லாம் சொன்னாள். சொல்ல அதிகம் இல்லை. சண்டை இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. "நல்லாத்தாம்ப்பா இருந்தோம். சேர்ந்து இருக்கத்தான் முடியல" என்றாள். எனக்கு இது புரிகிறதா என்று கேட்டால், இன்னும் இல்லை. பிரிந்த பிறகுதான் அவள் தனியாக இந்த வீட்டுக்கு மாறியிருக்கிறாள். பிரிந்த மாதம்தான் இசக்கிக்கு நோய் என்று தெரிந்திருக்கிறது. அம்மா போகும்வரை சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அம்மா போனதும் அப்பா தனியாக இருக்கிறார் என்று தள்ளிப்போட்டார்கள். நான் டிக்கெட் போட்டுவிட்டேன் என்றதும், திருமலையே முன்வந்து நான் இருக்கும்வரை வேலைக்கு விடுப்பு எடுத்துத் தினம் வந்து போவதாகச் சொன்னாராம். பெயர்த்தாள் ஒட்டியதும் அவரே.

"அம்மாட்ட நீங்க சத்தியம் பண்ணீங்களே, அது பொய்யாப் போயிரக் கூடாதுன்னுதான்" என்றாள். இத்தனை நாள் நான் பயந்தது வேறு. என்னைப் பார்த்துப் பயந்துதான் மறைத்தாள் என்று நினைத்தேன். ஒத்திகை எல்லாம் எனக்காக.

"ஒங்க அம்மை கேட்டது ரெண்டு பேரையும் சேத்து நிக்க வைக்கணும்னு" என்றேன். "வூர்ஸ்டர் கையைப் பிடிச்சப்ப சேர்ந்துதான நின்னீங்க. அது போதும்."

ஜனவரி 17

காணும் பொங்கல். தூக்குகள் திரும்பத் தொடங்கின. ஹேபெர்லே அம்மாளுடையதில் ஆப்பிள் கேக். எதிர் வீட்டிலிருந்து காபித்தூள். வூர்ஸ்டர் பளபளவென்று கழுவி, காலியாகக் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க மறுபடியும் ஏறிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஹேபெர்லே அம்மாள் கண்டித்திருக்க வேண்டும். இரண்டாவது முறை அதில் தோட்டத்து வாதுமைக் கொட்டைகள் இருந்தன. அடுப்பைத் தேய்த்துவிட்டதாகச் சைகையால் சொன்னார். பால் கறை போகவில்லை என்பதையும் சொன்னார்.

காலையில் செண்பகா மணிப்பலகையில் இருந்த வெள்ளைத்தாளைச் சுரண்டி எடுத்தாள். பசையின் தடம் மட்டும் இருக்கிறது. முறைப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டும் முன் படிக்கட்டைத் துடைக்க வேண்டும் என்று இப்போது துடைப்பத்தோடு நிற்கிறாள். நான் உதவிக்குப் போக வேண்டும்.

போவதற்கு முன் ஜன்னலில் பார்த்ததை எழுதிவிடுகிறேன். திருமலை தெருவில் வந்தார். கையில் தூக்கு. வாசலில் நின்று மணி அடிக்கக் கையை உயர்த்தினார். அதற்குள் மாடியிலிருந்து வூர்ஸ்டர் செருப்போடு இறங்கிப்போய்விட்டார். கதவைத் திறந்து, அவர் உள்ளே வரும்வரை தோளால் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்கின் மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ நிறைய இருக்கிறது.